கதவின் ஓரத்தை யாரும் பார்க்கச் சொல்லவில்லை

சமையலறை, படுக்கையறை இரண்டுக்கும் சேர்த்து 22 கேபினட் கதவுகள், 9 டிராயர்கள். இது மாதக்கணக்கில் இழுக்கும், கதவுக்கென்று எடுத்து வைத்த பணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போகும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கதவுதானே, பிடித்த டிசைனைக் காட்டினால் செய்து மாட்டிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கூட நின்று பார்க்க ஆளில்லை. எல்லா முடிவும் நானேதான், அதுவும் பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல், படுத்துக்கொண்டு போனில் படம் தள்ளித் தள்ளிப் பார்த்து. அதனால் யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால், இப்போது அதே மாதிரி படுத்துக்கொண்டு படம் தள்ளிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் நான் விழுந்தது ரெய்ஸ்டு பேனல் கதவில். சுற்றிலும் சட்டம், நடுவில் மேடு போல எழும்பி நிற்கும் பலகை, ஓரமெல்லாம் எஸ் எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி வளைந்து இறங்கும் ஓஜி வடிவம். படத்தில் பார்த்தபோது அரண்மனை மாதிரி இருந்தது. கதவு செய்து தரும் இடத்தில் மாதிரி கேட்டேன், கையடக்கமாக ஒரு மூலைத் துண்டைக் கொடுத்தார்கள். மரம் நன்றாக இருந்தது, வளைவு வழவழவென்று இருந்தது, ஆர்டர் கொடுத்துவிட்டேன். அந்த மூலைத் துண்டுதான் என்னை ஏமாற்றியது என்று இப்போது தெரிகிறது. மூலைத் துண்டு எல்லா டிசைனிலும் அழகாகத்தான் இருக்கும். கதவு முழுசாக எப்படி இருக்கும், மிகச் சின்ன டிராயரில் அதே டிசைன் என்ன ஆகும், கீல் எங்கே உட்காரும், கைப்பிடி எங்கே உட்காரும் என்று அது ஒன்றும் சொல்லாது.

வந்து இறங்கிய அன்றே முதல் அடி. டிராயர் முகப்புகளைப் பிரித்தால் ஏதோ படச்சட்டம் மாதிரி இருந்தன, உள்ளே படம்தான் இல்லை. என்னுடைய சின்ன டிராயர்களின் உயரம் 140 மில்லிமீட்டர். சட்டத்தின் அகலம் 57. மேலே ஒன்று, கீழே ஒன்று, சேர்த்து 114 போனால் நடுவில் மிச்சம் 26 மில்லிமீட்டர். அந்த 26க்குள் பலகை சாய்ந்து ஏறி, மேடாகி, மறுபடி சாய்ந்து இறங்க வேண்டும். மேடு எங்கே வரும்? இரண்டு சரிவும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூரை மாதிரி நின்றன. ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு தாளில் இந்தக் கழித்தலைப் போட்டிருந்தால் போதும், இரண்டாம் வகுப்புக் கணக்கு. எந்த டிசைனைப் பிடித்தாலும் முதலில் வீட்டிலேயே சின்ன முகப்பு எது என்று பாருங்கள். அதன் உயரத்திலிருந்து சட்ட அகலத்தை இரண்டு முறை கழியுங்கள். மிச்சம் சட்ட அகலத்தைவிடக் குறைவாக வந்தால் அந்த டிராயருக்கு சட்டம் வைத்த முகப்பு வேண்டாம், ஒரே பலகையாகத் தட்டையாகப் போட்டுவிடலாம். மற்ற கதவுகள் சட்டம் வைத்தவையாக இருந்தாலும் தட்டை டிராயர் அவற்றோடு பொருந்தும், ஓர வடிவம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டிராயருக்கு மட்டும் சட்டத்தை ஒல்லியாக்கித் தருவதும் உண்டு, கேட்டால்தான் செய்வார்கள்.

இரண்டாவது அடி கைப்பிடி. அடியில் தகடு வைத்த கைப்பிடிகளை ஆசையாக முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன், தகட்டின் அகலம் 40 மில்லிமீட்டர். சட்டம் 57 என்பதால் தாராளமாக உட்காரும் என்று கணக்கு. ஆனால் அந்த 57இல் வெளி ஓரத்து வளைவு 12 தின்றுவிடுகிறது, உள் ஓரத்து வளைவு 10. தட்டையான இடம் வெறும் 35. தகடு வளைவின் மேல் ஏறி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சட்டத்தின் அகலம் என்று அவர்கள் சொல்வது வேறு, நமக்குக் கிடைக்கும் தட்டை இடம் வேறு என்று அன்றுதான் புரிந்தது.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. கதவு மாட்ட வந்த தச்சர் அண்ணன், கீலுக்குக் குழி போட ஆரம்பித்தார். உள்பக்கம் மறைந்து நிற்கும் கிண்ண வடிவக் கீல் இப்போது எல்லாரும் போடுவதுதான், அந்தக் கிண்ணத்துக்கு 35 மில்லிமீட்டர் விட்டத்தில், சுமார் 12 மில்லிமீட்டர் ஆழத்தில் குழி வேண்டும். கதவின் ஓரத்திலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் தள்ளிக் குழி தொடங்கும். என் கதவின் கனம் 18. முன்பக்கம் தட்டையாக இருந்திருந்தால் பின்னாலிருந்து 12 தோண்டினாலும் 6 மிச்சம். ஆனால் அந்த ஓஜி வளைவு, சரியாக அந்த ஓரத்தில்தான், முன்பக்கத்திலிருந்து 6 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. பின்னாலிருந்து 12, முன்னாலிருந்து 6, கூட்டினால் 18. மூன்றாவது கதவில் குழி போட்டுக் கொண்டிருந்தவர் சட்டென்று மெஷினை நிறுத்தினார். திருப்பிப் பார்த்தால் முன்பக்க வளைவில் பிறை நிலா மாதிரி ஒரு ஓட்டை. "ஏம்மா, இதை முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை காட்டியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

அடுத்த கதவில் குழியை 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட்டுப் பார்த்தார். ஓட்டை விழவில்லை. ஆனால் குழி உள்ளே போனால் கதவு வெளியே நகரும், கேபினட்டின் ஒரே நடுத்தடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று இடிக்கும். அதற்குக் கீலின் அடித்தகட்டை உயரமானதாக மாற்ற வேண்டும். மாற்றினார். இரண்டு நாள் போனது. ஓரத்தில் ஆழமான வடிவம் வேண்டும் என்பவர்கள், அந்த வடிவம் எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்ற இரண்டு எண்ணையும் கேட்டு வாங்கி, கதவு அறுக்கும் முன்பே கீல் மாட்டப்போகிறவரிடம் காட்டிவிடுங்கள். கொஞ்சம் கனமான கதவாக, 22 மில்லிமீட்டரில் சொன்னாலும் தப்பிக்கலாம். கனம் கூடினால் திறக்கும்போது பக்கத்துக் கதவில் உரசாமல் இருக்க இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேண்டாத பயமும் சேர்ந்துகொண்டது. மாட்டிய மூன்றாம் வாரம் காற்று நன்றாக வறண்டிருந்த நாட்களில், பலகை சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் நூல் மாதிரி வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. கதவு பிளக்கிறது என்று அலறி போன் போட்டேன். பிளக்கவில்லையாம். அசல் மரம் ஈரக்காற்றில் குறுக்குவாட்டில் விரியும், வறண்டால் சுருங்கும், அதற்காகவே நடுப்பலகையைச் சட்டத்தின் உள்பக்கப் பள்ளமான காடிக்குள் பசை போடாமல் சும்மா மிதக்க விடுவார்கள். பசை போட்டு இறுக்கியிருந்தால்தான் பிளந்திருக்கும். என் கதவைச் சேர்த்த பிறகு சாயம் பூசியிருக்கிறார்கள், அதனால் பலகை சுருங்கியதும் காடிக்குள் ஒளிந்திருந்த சாயம் படாத மரம் எட்டிப் பார்த்தது. பலகைக்குத் தனியாகச் சாயம் ஏற்றிவிட்டுப் பிறகு சட்டத்தைச் சேர்த்தால் இந்தக் கோடு தெரியாது.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. கெட்டது டிராயர் முகப்புகளும் நான்கைந்து கதவுகளும் மட்டும்தான். அவற்றை மாற்றியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல். துடைக்கப் போனால் ஒவ்வொரு கதவுக்கும் மூன்று வரிசைப் பள்ளம். நான்கு மாதம் போராடிய களைப்பில், எல்லாவற்றையும் கழற்று என்று சொல்லிவிட்டேன். அடிமாட்டு விலைக்குத்தான் போயின. கோபமாக இருக்கும் வாரத்தில் மரவேலை சம்பந்தமாக எந்த முடிவும் எடுக்காதீர்கள், இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

சூடு கண்ட பூனை மாதிரி, அடுத்த முறை வளைவே இருக்கக் கூடாது என்று முடிவு. நேர்க்கோடு, நேர்மூலை, வெள்ளை நிறம், மேட் பெயிண்ட், ஷேக்கர் கதவு. சுற்றிலும் தட்டைச் சட்டம், நடுவில் உள்ளடங்கிய தட்டைப் பலகை, அவ்வளவுதான். அலங்காரம் வேண்டாம் என்று வாழ்ந்த ஒரு கிறிஸ்தவக் குழுவின் பெயர் அது, 1774இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர்கள். அவர்கள் செய்த மேசை நாற்காலிகளின் எளிமைதான் இந்தக் கதவுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. எளிமை என்றால் தப்பு செய்ய இடமே இல்லை என்று நான் நம்பினேன். இந்த முறை அசல் மரமும் வேண்டாம், மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் மெஷின் நடுப்பகுதியைக் குடைந்து ஒரே துண்டாகத் தரும் கதவு. விரிவது சுருங்குவது மிகக் குறைவு, இணைப்பே இல்லாததால் பெயிண்டில் இணைப்பு வெடிப்பும் வராது. இதுவரை என் யோசனை சரிதான். டிராயரெல்லாம் தட்டை. அதுவும் சரி. பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அழுத்தி ஒட்டும் கதவையும் காட்டினார்கள். அடுப்பும் நீராவியும் பக்கத்தில் இருந்தால் ஓரத்தில் உரிய ஆரம்பிக்கும் என்று தெரிந்திருந்ததால் வேண்டாம் என்றேன்.

ஆர்டர் தாளில் கதவு வகை என்ற கட்டத்தில் ஷேக்கர் என்று எழுதினேன். நிறம், வெள்ளை. வெளி ஓரம் என்று ஒரு கட்டம், உள் ஓரம் என்று ஒரு கட்டம். இரண்டையும் காலியாக விட்டேன். ஷேக்கர் என்றால் நேர் ஓரம்தானே, இதில் எழுத என்ன இருக்கிறது? காலியாக விட்டால் மெஷின் அறுத்தபடியே வரும் என்று எனக்குத் தெரியாது. அறுத்தபடியே என்றால் கத்தி முனை மாதிரி, விரல் வைத்தால் கீறுகிற கூர்மை.

வந்து மாட்டிய அன்று சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக இருந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் மாதம் அடிக்கடி திறக்கும் கதவில், கைப்பிடிக்குப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால் கோடு போட்ட மாதிரி பழுப்பாக ஏதோ தெரிந்தது. அழுக்கு என்று துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், கூடுதலாக வந்தது. பெயிண்ட் தேய்ந்து எம்டிஎஃப் வெளியே தெரிகிறது. பெயிண்ட் திரவமாக இருக்கும்போது கூர்முனையில் நிற்காது, இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு விலகிவிடும். முகத்தில் எத்தனை கோட் ஏறினாலும் முனையில் மட்டும் படலம் மெல்லியதாகவே இருக்கும். அதுவும் கை, மோதிரம், துடைக்கும் துணி எல்லாம் முதலில் படுகிற இடம். முனையை இரண்டு மில்லிமீட்டர் வட்டமாக மழித்துவிட்டால் அதே பெயிண்ட் அங்கே பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு அந்த மழிப்பு தெரியவே தெரியாது, தூரத்திலிருந்து பார்த்தால் நேர் ஓரம்தான்.

ஐந்தாம் மாதம் தொட்டிக்குக் கீழே இருக்கும் இரண்டு கதவுகளின் அடி ஓரம் உப்பியது. ஈரக் கையோடு கதவைத் திறக்கிறோம், பாத்திரம் கழுவும்போது தண்ணீர் முகப்பில் வழிகிறது, வழிந்து போய் அடி ஓரத்தில் சொட்டாகத் தொங்குகிறது. எம்டிஎஃப்பின் முகம் இறுக்கமானது, ஓரமோ பஞ்சு மாதிரி குடிக்கும். ஓரத்துக்கு ப்ரைமர் அடித்து, தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்த பிறகுதான் பெயிண்ட் ஏற வேண்டும். என் கதவுகளில் மேல் ஓரத்தையும் பக்க ஓரத்தையும் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். அடி ஓரம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கோட்டோடு விட்டிருக்கிறார்கள். கதவு வந்ததும் முதல் வேலையாகக் கவிழ்த்துப் போட்டு அடி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மாட்டும் முன்பே திருப்பி அனுப்புங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். முன்பக்கம் மட்டும் நன்றாகப் பூசி, பின்னால் ஒப்புக்கு ஒரு கை காட்டியிருந்தால், இரண்டு முகமும் ஈரத்தை வெவ்வேறு அளவில் இழுத்துக் கதவு வளையக்கூடும். உயரமான அலமாரிக் கதவில் அது சீக்கிரம் தெரிந்துவிடும்.

அப்புறம் உள் ஓரம். நேராகக் குடைந்த சட்டத்தின் கீழ்ப்பகுதி, நடுப்பலகையோடு சேரும் இடத்தில் ஒரு குட்டித் திண்ணையாக நிற்கிறது, ஆறு மில்லிமீட்டர் அகலம். கதவு தோறும் திண்ணை. அதில் தூசி உட்காரும், எண்ணெய்ப் புகை அதன் மேல் படியும், இரண்டும் சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். அதைவிட என்னைக் குடைந்தது, உள் மூலைகள். மெஷினின் பிட், அதாவது குடையும் வெட்டுமுனை, வட்டமாகச் சுழல்வதால் உள் மூலையைச் சதுரமாகக் குடைய முடியாது, பிட்டின் பருமனுக்கு ஏற்ப ஒரு சின்ன வளைவு நிற்கும். நேர்க்கோடுதான் வேண்டும் என்று வாங்கிய கதவில் 88 மூலையிலும் குட்டி வளைவு. யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். உள் ஓரத்தைச் சாய்வாகக் கேட்டிருந்தால், கூம்பு பிட்டை மூலையில் தூக்கித் தூக்கி ஓட்டி, மூலையைக் கூராகவே கொண்டு வந்துவிடுவார்களாம். திண்ணையும் இருக்காது, தூசி சறுக்கிவிடும், துணி ஒரே இழுப்பில் போய்விடும். ஒரு கட்டத்தில் சாய்வு என்று மூன்று எழுத்து எழுதியிருந்தால் போதும்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்று என்று வாய் வரைக்கும் வந்தது. இந்த முறை அதே தச்சர் அண்ணனைக் கூப்பிட்டேன், வெட்கத்தோடுதான். அவர் ஒரு கதவை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், விளிம்பில் கட்டை விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். "கதவு நல்லாத்தான் இருக்கு. முனையைத்தான் யாரும் ஒடிக்கல" என்றார். தச்சர்களுக்கு அது பெயர் சொல்லிச் செய்யும் வேலைகூட இல்லை போலிருக்கிறது, எதை அறுத்தாலும் கடைசியில் உப்புத்தாளால் ஒரு இழு இழுத்துவிடுவார்களாம், முனை ஒடிப்பதற்கு. மெஷினுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஓரம் மழிக்கும் கை மெஷினான சின்ன ராட்டரில் இரண்டு மில்லிமீட்டர் ரவுண்ட் பிட்டை மாட்டி, 20 கதவுகள், 9 டிராயர் முகப்புகளின் எல்லா வெளி ஓரத்தையும் இரண்டு நாள் மதியத்துக்குள் ஓட்டி முடித்துவிட்டார். ஓட்டியது சுலபம். அதன் பிறகு தேய்ப்பது, ப்ரைமர், மறுபடி தேய்ப்பு, பெயிண்ட் என்று ஐந்து வாரம் இழுத்தது, இரண்டாவது தொகுப்புக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அதற்கே போனது. தொட்டிக்கு அடியில் இருக்கும் இரண்டு கதவுகளை மட்டும் ஈரம் தாங்கும் எம்டிஎஃப்பில் புதிதாகச் செய்தோம்.

எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. முனை கூராக இருந்தபோது, பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் முன்னே வந்தாலும் கண்ணில் குத்தும், வாரா வாரம் கீலின் திருகைத் திருகிக்கொண்டே இருப்பேன். மழித்த பிறகு இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கொஞ்சம் அகலமாக, நிழல் விழுந்து மென்மையாகத் தெரிகிறது. சின்னக் கோணல்களை அது விழுங்கிவிடுகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், வெளி ஓரத்தில் பெரிய சாய்வோ வளைவோ வைக்கிறவர்கள் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் முதல் தொகுப்பில் கதவுகளுக்கு நடுவே வாய்க்கால் ஓடுகிற மாதிரி தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது யாராவது என்னிடம் எந்த டிசைன் நல்லது என்று கேட்டால், டிசைனை விடுங்கள், அதை முடிவு செய்யும் முன் முழு அளவில் ஒரு கதவும் ஒரு டிராயர் முகப்பும் மாதிரியாகச் செய்து வாங்குங்கள், காசு கொடுத்தாவது வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். அதே பெயிண்ட், அதே கீல், அதே கைப்பிடி. அதை இரண்டு வாரம் சமையலறையில் நிறுத்தி வையுங்கள். மாலையில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது பாருங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், ஈரக் கையால் பிடியுங்கள், அடி ஓரத்தில் ஒரு ராத்திரி ஈரத்துணியை விட்டுப் பாருங்கள். ஆர்டர் தாளில் ஓரத்தின் வடிவத்தைச் சொல்லால் எழுதினால் போதாது, வெட்டுமுகத்தை அசல் அளவில் வரைந்து வாங்கி அதில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மழிப்பு என்று நான் சொல்வதும் அவர் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. இன்னொன்று, ஒரு கதவு கூடுதலாகச் செய்து கட்டி வைத்துவிடுங்கள். பிட் தேய்ந்து, தீட்டி, மாறிக்கொண்டே இருக்கும், இரண்டு வருடம் கழித்து அதே வளைவைக் கேட்டால் ஒரு மயிரிழை வித்தியாசம் வரும், நமக்கு அது மலையாகத் தெரியும்.

உள் ஓரத்துத் திண்ணைகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றைச் சாய்க்கப் போனால் குடைந்த ஆழமே மாறிவிடும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். போகும்போது முடி பாதி கொட்டிப்போன இரண்டு அங்குல பெயிண்ட் பிரஷ் ஒன்றை டிராயர் மேல் வைத்துவிட்டுப் போனார். மறந்து விட்டுப் போய்விட்டார் என்று நினைத்து மறுநாள் போன் செய்தேன். "அது உனக்குத்தாம்மா, தூசி தட்ட" என்றார். சனிக்கிழமை தோறும் கதவு கதவாக அதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.